தேர்க்காலும் கன்றும்: வீதி கடப்போர் உரிமை பற்றியொரு நோக்கு

வாகனத்தினால் வீதியில் நேர்ந்த உயிரிழப்பைப் பற்றித் தமிழ் நூல்கள் கூறும் செய்திகளுள் மிகப் பழையது, அரசகுமாரன் ஒருவன் ஊர்ந்த தேரின்கீழ் அகப்பட்டு மாண்ட ஆன்கன்றின் செய்தியே எனலாம். சிலப்பதிகாரத்திலே, பாண்டியன் அவையில் நின்று தன் ஊர் இன்னதென உரைக்கும் கண்ணகி, சோழர் குலத்தின் பெருமையாக இதனைக் குறிப்பிடுகின்றாள். சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பிலே இதனைத் திருவாரூரில் நிகழ்ந்ததாக வைத்து விரித்துரைக்கின்றார். நம் நாட்டு வரலாற்று நூலாகிய மகாவமிசமோ, அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசு செலுத்திய எல்லாளன்மேல் இத்தகையதொரு செய்தியை ஏற்றிக் கூறும். மாற்றான் எனத் தாம் கருதிய மன்னனுக்கு அந் நூலாசிரியர் வழங்கிய நற்சான்றுகளுள் இதுவும் ஒன்று.

மூன்று நூல்களும் பசு அசைத்த ஆராய்ச்சி மணியைப் பற்றி ஒன்றுபடுகின்றன. கன்றைப் பற்றி அவ்வாறு ஒன்றுபடவில்லை. மகாவமிசத்திலே கன்று தாய்ப்பசுவோடு வழியிற் படுத்துக் கிடக்கின்றது. தேர் அதன்மேல் ஏறுகின்றது. பெரியபுராணத்திலே கன்று தானே துள்ளி வந்து தேர்க்காலிற் படுகின்றது. அதனினும் நோக்கற்பாலது, அமைச்சர் இச் செய்தியை அரசனுக்கு அறிவிக்கும் முறையாகும். இளவரசர் படை புடைசூழப் பெருந்தெருவிலே தேரிற் சென்றார் என்றும், கன்று சக்கரத்தினிடையே நுழைந்து இறந்துவிட்டது என்றும் பொருள்பட அவர் கூறுகின்றார். நுழைந்ததும் கன்று, இறந்ததும் கன்று. இரு வினைக்கும் எழுவாய் அதுவே. தேருக்கு அவ்விடத்தில் வினையே இல்லை! இற்றைநாட் பத்திரிகைகளிலே, வீதியைக் கடக்க முற்பட்டவர் வாகனத்தில் மோதுண்டு உயிரிழந்தார் என்று வாசிக்குந்தோறும், இலக்கணம் நன்கறிந்த அவ்வமைச்சரின் நினைவே எனக்கு வருகின்றது. நம் நாட்டிலே ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் உயிரிழக்கின்றனர். அவருள் நூற்றுக்கணக்கானோர் நடந்து சென்றவர்களே. அத்தனை பேரும் தாமாகவே மோதுண்டவர்களா?

இவ் விடயத்தைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் புலமை அன்று. ஒரு தவறு, என்னுடைய தவறு. 2023ஆம் ஆண்டில் ஒரு நாள், பாடசாலை கலைந்த நேரம், கீழ்வகுப்பு மாணாக்கர் சிலரோடு வாயிலுக்கு எதிரேயுள்ள கடவையில் இறங்கினேன். நம் நாட்டிலே இக் கடவைகள் நெடுங்காலம் மஞ்சள் வர்ணத்தில் தீட்டப்பட்டமையால் மஞ்சட் கோடு என்றே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டன. எங்கள் கோட்டில் அப்பொழுது மஞ்சள் பாதியும் தார் பாதியுமாக இருந்தன. நாங்கள் வீதியின் நடுவுக்கு வருமுன்னரே மினிபஸ் ஒன்று நில்லாது, எங்கள் உடை அதன் காற்றில் அசைய, உராய்ந்துகொண்டு சென்றது. கையிலிருந்த குடையால் அதன் பக்கத் தகட்டில் ஓங்கி அடித்தேன். வாயில் வந்தவாறு ஏசவுஞ் செய்தேன். வண்டி இருபது யார் தள்ளி நின்றது. நடத்துனர் இறங்கி வந்தார். கூட்டமுங் கூடியது. மாணாக்கர் முன்னிலையில் நான் பேசிய தமிழை ஈண்டு எழுதுவதற்கில்லை. அவர் சொன்ன விடையை மாத்திரம் எழுதுகின்றேன்: "சேர், நாங்கள் நிண்டால் பின்னால வாறவன் எங்கட ஆக்களை ஏத்திக்கொண்டு போயிடுவான்."

அன்று மாலை என்னை வீரன் போலவே எண்ணியிருந்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. அடுத்த கிழமை, ஆறாந் தர மாணாக்கன் ஒருவன் அதே கோட்டிலே, வலமும் இடமும் பாராது, கையை உயர்த்திக்கொண்டு வீதியில் இறங்கினான். விரைந்து வந்த மோட்டார் சைக்கிள்காரர் பிறேக்கை அழுத்திச் சறுக்கி விழுந்தார். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பையனுக்கு முழங்கால் தேய்ந்தது. ஏன் இவ்வாறு செய்தாய் என்று வினாவியபோது அவன் அச்சத்தோடு கூறியது: "சேர் மறிச்சனீங்கள்தானே."

அன்று தொடங்கியே, வீதியைக் கடக்கின்றவனுக்கு உள்ள உரிமை யாது, அவ்வுரிமையை மதியாத சாரதியை எதிர்கொள்ளுவது எங்ஙனம் என்ற வினாக்கள் என்னை விட்டு அகலாவாயின.

உரிமையின் வரலாறு இங்கிலாந்திலே தெளிவாகக் காணப்படுகின்றது. நமது சட்டத்தின் ஊற்றும் அதுவேயாதலால் அங்கிருந்து தொடங்குதல் பொருந்தும். 1865ஆம் ஆண்டில் அந் நாட்டுப் பாராளுமன்றம், இயந்திரத்தால் இயங்கும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கும், வெளியிடங்களில் 4 மைலுக்கும் மேற்படச் செல்லலாகாது என்றும், ஒருவன் செங்கொடியோடு அதன்முன்னே நடந்து செல்லவேண்டும் என்றும் விதித்தது. இன்று இதனைக் கேட்போர் நகைப்பர். ஆயினும் நடப்பவனே வீதிக்கு உரியவன், இயந்திரம் விருந்தாக வந்தது என்ற எண்ணம் அச் சட்டத்தில் வெளிப்படையாக நின்றது. 1896ஆம் ஆண்டில் அவ்வெல்லை மணிக்கு 14 மைலாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதம், இலண்டனிலுள்ள பளிங்கு மாளிகைத் திடலிலே, காட்சிக்காக ஓட்டப்பட்ட மோட்டார் வண்டியொன்றால் மோதப்பட்டு ஒரு பெண்மணி உயிர்நீத்தார். மோட்டார் வண்டியால் இறந்த பாதசாரிகளுள் அந்நாட்டில் அவரே முதல்வர். விசாரணையில் தற்செயலான மரணம் என்று தீர்ப்பாயிற்று.

1930ஆம் ஆண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மோட்டார் கார்களுக்கிருந்த வேக எல்லையை அந் நாட்டினர் முற்றாக நீக்கிவிட்டனர். எவரும் அதனை மதிப்பதில்லை என்பது ஒரு காரணமாம். மதியாத விதியை நீக்கிவிட்டால் விதி மீறல் இல்லாமற் போகுமன்றோ! 1934ஆம் ஆண்டிலே 7,343 பேர் வீதிகளில் மாண்டனர். அவருட் பெருந்தொகையினர் நடந்து சென்றோர். அவ்வாண்டு போக்குவரத்து மந்திரியாக வந்த லெஸ்லி ஹோர் பெலிஷா என்பவர், பாதசாரிகளுக்கென வகுக்கப்பட்ட கடவையொன்றிலே இலண்டன் காம்டன் பெருந்தெருவைத் தாமே கடந்தபோது, நில்லாது விரைந்த காரொன்றில் மயிரிழையிலே தப்பினார். மந்திரிக்கும் கோட்டின்மேல் மதிப்பில்லை என்பதை அவர் தம் உடம்பாலே அறிந்துகொண்டார் போலும். கறுப்பும் வெள்ளையுமாகிய கம்பத்தின் உச்சியிலே செம்மஞ்சள் உருண்டை பொருத்திய கடவை விளக்குகள் அவர் காலத்தில் நாட்டப்பட்டன. இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊர்ப்புறங்களில் மணிக்கு 30 மைல் என்னும் எல்லை மீண்டும் வந்தது.

விளக்கு மாத்திரம் போதாது என்பது விரைவிற் புலனாயிற்று. 1949ஆம் ஆண்டிற் பரீட்சார்த்தமாகத் தீட்டப்பட்டு, 1951ஆம் ஆண்டிற் சட்டத்திற் சேர்க்கப்பட்டது, அகன்ற வெள்ளைப் பட்டைகளையுடைய வரிக்குதிரைக் கடவை. பட்டையின்மேற் கால் வைத்தவனுக்கு வழிவிடுதல் சாரதியின் கடமை என்றாயிற்று. அதே 1951ஆம் ஆண்டிலேயே இலங்கையின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் இயற்றப்பட்டது. பன்முறை திருத்தப்பட்டபோதிலும் இன்றைக்கும் நமது வீதி ஒழுங்கின் அடித்தளம் அச் சட்டமே.

அத்திலாந்திக்குக்கு அப்பாலே கதை வேறு திசையிற் சென்றது. 1923ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாற்றி நகரத்து மக்கள் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டு, மணிக்கு 25 மைலுக்குமேல் ஓட இயலாதவாறு ஒவ்வொரு காரிலும் ஒரு கருவி பொருத்தப்படவேண்டும் என்று கோரினர். மோட்டார் வணிகர் திரண்டெழுந்து எதிர்த்தனர். வாக்கெடுப்பிலே அக் கோரிக்கை தோற்றது. அதன்பின் அவ்வணிகர் கையாண்ட உத்தி பெரிது. வீதியை நினைத்தவிடத்திற் கடப்பவனை இகழ்வதற்கு, நாட்டுப்புறத்து மூடன் எனப் பொருள்படும் ‘ஜே’ என்ற சொல்லையும் நடப்பவன் என்ற சொல்லையும் கூட்டி ஒரு தொடர் அங்கே வழங்கிவந்தது. அதனைப் பத்திரிகைகள் மூலமும் பாடசாலைகள் மூலமும் எங்கும் பரப்பினர். 1925ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம், நடப்போரைக் கடவைகளுக்குள் அடக்கும் விதிகளை இயற்றிற்று. பிற நகரங்கள் அவற்றை முன்மாதிரியாகக் கொண்டன. ஒரு தலைமுறைக்குள், வீதிக்கு உரியவன் விருந்தாளியானான், விருந்தாளி உரியவனானான். சொல்லொன்றினாலே உரிமை இடமாறிய இவ் வரலாறு மொழி பயில்வோர் கருதற்குரியது. திருவாரூர் அமைச்சருக்கு அங்கே பெரும் உத்தியோகம் கிடைத்திருக்கும்.

இனி, உரிமை சட்டத்திலே தெளிவாக எழுதப்பட்டிருப்பினும் அது தெருவிலே ஏன் செல்லாதிருக்கின்றது என்பதை ஆராய்வாம். இவ்விடத்தில் நான் பயின்ற கலைத்துறையை விட்டு, எங்கள் பௌதிகவியல் ஆசிரியரின் உதவியை நாடினேன். அவர் கரும்பலகையிலே சில நிமிடங்களிற் போட்டுக் காட்டிய கணக்கு, நான் வாசித்த நூல்களெல்லாவற்றினும் கூடுதலாக என்னைத் திடுக்குறச் செய்தது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரம் செல்லும். முன்னே ஒரு பிள்ளை இறங்குவதைச் சாரதி கண்டு, உணர்ந்து, காலை எடுத்துப் பிறேக்கின்மேல் வைப்பதற்கு ஒரு விநாடியாயினும் செல்லும். ஆகவே அந்த 14 மீற்றரும் குறையாத வேகத்திலேயே கழிந்துவிடும். காய்ந்த நல்ல வீதியிலே விநாடிக்கு விநாடி 7 மீற்றர் வீதம் வேகம் குறையுமெனக் கொண்டால், நிற்பதற்கு இன்னும் 14 மீற்றர் வேண்டும். மொத்தம் 28 மீற்றர். வேகம் 30 கிலோமீற்றராயின் முழுத் தூரமும் 13 மீற்றரே. 60 ஆயின் 37 மீற்றர். இம்மட்டிலும் வியப்பில்லை. வியப்பு இதன் பின்னரே உள்ளது. இரண்டு கார்கள் ஒரே இடத்தில், ஒரே கணத்திற் பிள்ளையைக் காண்கின்றன எனக் கொள்வோம். ஒன்று 50இலும் மற்றையது 60இலும் வருகின்றது. முதலாவது கார் 28ஆவது மீற்றரில், பிள்ளையைத் தொடாமல் நின்றுவிடுகின்றது. இரண்டாவது கார் அதே 28ஆவது மீற்றரைச் சேரும்பொழுது அதன் வேகம் என்ன? பத்துக் கிலோமீற்றர் கூடுதலாக வந்த கார் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் மோதும் என்றே நான் விடை கூறினேன். எங்கள் ஆசிரியர் அறையிலே இருந்த பட்டதாரிகளுட் பலரும் அவ்வாறே கூறினர். கணக்கின்படி அந்தக் கார் 40 கிலோமீற்றர் வேகத்தில் மோதுகின்றது! சாரதி பிறேக்கின்மேற் கால் வைக்குமுன் இரண்டாவது கார் கூடுதலாகக் கடந்துவிடும் தூரமும், வேகத்தின் வர்க்கமாக வளரும் சத்தியும் சேர்ந்து இவ் வேற்றுமையை விளைக்கின்றன.

அம் மோதலின் வன்மையை உயரத்தாலும் அளந்து பார்க்கலாம். 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதப்படுவது மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது நமது வீட்டுக் கூரையிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். 40 ஆயின் ஆறு மீற்றருக்கு மேல். 50 ஆயின் ஏறக்குறைய பத்து மீற்றர். நடுத்தரப் பனையொன்றிற் பாதிக்கு ஏறி நின்று கைவிடுவதற்குச் சமம். கூரையிலிருந்து விழுந்து எழுந்து நடந்தவர்களை எங்கள் ஊரிற் கண்டிருக்கின்றேன். பனையிலிருந்து விழுந்தோர் பலரின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இதனோடு இசைந்ததே: காரின் முன்புறத்தால் மோதப்படும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, வேகம் 50இலிருந்து 65 கிலோமீற்றராக உயரும்போது நாலரை மடங்காகப் பெருகுகின்றது.

ஆகவே, கையை உயர்த்தி வீதியில் இறங்கிய அப் பையனும், குடையை உயர்த்திய நானும் ஒரே பிழையைச் செய்தோம். 28 மீற்றருக்கு உள்ளே வந்துவிட்ட வண்டியோடு வாதாட எந்தச் சட்டத்தாலும் இயலாது. அவ்விடத்திற் சாரதியின் மனம் மாறினாலும் வண்டியின் வேகம் உடனே மாறாது. உரிமை என்பது அத் தூரத்துக்கு அப்பாலே மாத்திரம் உயிரோடிருக்கின்ற ஒன்று.

அப்பாலிருக்கும்பொழுது சாரதியை எதிர்கொள்ளுதல் பயனற்றதெனக் கொள்ளற்க. பிரான்சிலே 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓராய்வு, கடவையில் நிற்பவர் வரும் சாரதியின் கண்ணை நேரே நோக்கி நின்றால், நோக்காது நின்றபோது நின்றவர்களினும் கூடுதலான சாரதிகள் நிற்கின்றனர் என்று காட்டிற்று. கைபேசியிற் கண்ணைப் பதித்து வீதியில் இறங்குவோர் தம் வலிய கருவியைத் தாமே துறந்தவராவர். ஆயின் கண்ணுக்கும் ஒரு வரம்புண்டு. கண்ணிற் பட்டவர் நிற்பர். அவருக்குப் பின்னே வருபவரை நாம் காண்பதில்லை, அவரும் நம்மைக் காண்பதில்லை. நமது நாட்டிற் கடவைகளிலே நேரும் மோதல்கள் பலவற்றில் நிகழ்வது இதுவே. பெரிய பஸ் வண்டி மரியாதையாக நிற்கின்றது. அம் மரியாதையை நம்பிப் பிள்ளை இறங்குகின்றது. நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டு மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ பாய்கின்றது. நின்றவர் நல்லவர் என்பதனாலேயே ஆபத்து மறைந்து நிற்கின்றது. இங்கிலாந்திலே 1971ஆம் ஆண்டிற் கடவையின் இரு புறத்தும் வளைந்து வளைந்து செல்லும் வெள்ளைக் கோடுகளை இட்டு, அவ்வெல்லைக்குள் முந்துதலையும் வண்டி நிறுத்துதலையும் விலக்கியது இதன் பொருட்டே.

தனியொருவன் செய்யும் எதிர்ப்பு உடம்பைப் பணயம் வைப்பதாயின், பலர் சேர்ந்து எதிர்கொள்ளுதல் எங்ஙனம்? தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியாவின் தலைநகராகிய பொகொற்றாவில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1995ஆம் ஆண்டில் அந் நகர முதல்வராக வந்த அந்தானாஸ் மொக்குஸ் என்பவர் கணிதமும் மெய்யியலும் கற்ற பேராசிரியர். தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். தண்டப் பணத்துக்கு அஞ்சாத தம் நகரத்தார் நகைப்புக்கு அஞ்சுவர் என அவர் கணித்தார். முகத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசிய ஊமைக் கூத்தர்கள் சந்திகளிலே நிறுத்தப்பட்டனர். கடவையின்மேல் வண்டியை நிறுத்திய சாரதிமுன் நின்று, ஒரு சொல்லும் பேசாது, அவனைப் போலவே நடித்துக் காட்டினர், கடவையைச் சுட்டினர், தலையிலடித்துக்கொண்டனர். தெருவிலே நின்றோர் யாவரும் சிரித்தனர். இருபது பேரோடு தொடங்கிய அக் கூத்து நானூறு பேருக்கு மேலாகப் பெருகிற்று. அதனோடு, பெருவிரல் மேல்நோக்கிய படமும் கீழ்நோக்கிய படமும் பொறித்த அட்டைகள் இலட்சக்கணக்கில் மக்களுக்கு வழங்கப்பட்டன. ஒழுங்காக நின்ற சாரதிக்கு ஒன்றையும், ஒழுங்கீனனுக்கு மற்றொன்றையும் காட்டலாம். குடையால் அடிப்பதற்கு ஈடாக அட்டை! பாதசாரிகள் மாண்ட இடங்களிலே வீதியில் நட்சத்திரங்களும் தீட்டப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந் நகரத்தின் வீதி மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. கூத்தர்களால் மாத்திரம் அது நிகழ்ந்ததென்று கூறுதல் மிகையாகும். மதுபானக் கட்டுப்பாடு, புதிய பஸ் சேவை, திருத்தப்பட்ட நடைபாதைகள் ஆகியனவும் அக் காலத்தவையே. இருப்பினும் எதிர்ப்பின் முறையிலே அவர் செய்த மாற்றம் நுண்ணியது. அடிபட்டவன் சினந்து எழுவான். ஊர் முழுவதும் நகைக்கக் கண்டவன் தானே பின்வாங்குவான்.

பொலீவியாவின் லா பாஸ் நகரம் 2001ஆம் ஆண்டில் இதனைத் தழுவி, இளைஞரை வரிக்குதிரை வேடத்திற் கடவைகளில் நிறுத்திற்று. மெக்சிக்கோ நகரிலோ, முகமூடியும் தோளாடையும் தரித்த ஒருவர், 2012ஆம் ஆண்டளவில் மல்லன் வேடத்திலே தெருவுக்கு வந்து, கடவையை மறித்து நின்ற கார்களைத் தம் கையாலே பின்னுக்குத் தள்ளினார். சிறு பாதசாரி என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். எனக்கு அவர்மேல் இயல்பாகவே ஒரு பரிவு உண்டு. என்னைக் காட்டிலும் அவர் கெட்டிக்காரர். நின்றுவிட்ட கார்களையே அவர் தள்ளினார்.

எனினும், சந்திதோறும் கூத்தரை நிறுத்தி எத்தனை ஆண்டு காத்தல் கூடும்? ஒல்லாந்து நாட்டவர் கண்ட வழி இவ் வினாவுக்கு விடை தருகின்றது. 1971ஆம் ஆண்டில் அச் சிறு நாட்டிலே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதிகளில் இறந்தனர். அவருள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். தன் மகளை வீதியிற் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, குழந்தைக் கொலையை நிறுத்துக என்னும் இயக்கத்துக்குப் பெயராயிற்று. விபத்து என்ற சொல்லை விடுத்துக் கொலை என்ற சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தமை கவனிக்கத்தக்கது. அமைச்சரின் வாக்கியத்தை அவர்கள் திருத்தி எழுதினர். 1973ஆம் ஆண்டு முதல் பெற்றோரும் பிள்ளைகளும் வீதிகளை மறித்து விளையாடினர். பாராளுமன்ற வாயிலுக்குச் சென்றனர். அவர்கள் வேண்டிப் பெற்றது சாரதிகளுக்கான உபதேசம் அன்று, வீதியின் உருவமாற்றம். 1976ஆம் ஆண்டில், கார் நடைவேகத்திலேயே செல்லக்கூடிய குடியிருப்புத் தெருவுக்குச் சட்டம் வகுக்கப்பட்டது. நேரான தெருக்கள் வளைக்கப்பட்டன, கடவைகள் மேடாக உயர்த்தப்பட்டன, வாய்கள் ஒடுக்கப்பட்டன. மேட்டைக் கண்ட சாரதி தன் வண்டியின் அச்சுக்கு அஞ்சி வேகத்தைக் குறைக்கின்றான். பிள்ளைக்கு இரங்கியோ, பொலிசாருக்கு அஞ்சியோ குறைக்கவேண்டிய தேவை அங்கே இல்லை. சனத்தொகையும் வண்டிகளும் பெருகியிருக்கவும், 2023ஆம் ஆண்டில் அந் நாட்டின் வீதி மரணங்கள் எழுநூறுக்குக் கீழே நின்றன. 1997ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம், வீதியில் ஒருவரேனும் இறத்தலாகாது என்பதைக் குறிக்கோளாக ஏற்று, மனிதன் பிழை செய்வான் என்பதை முன்கூட்டியே எண்ணி வீதியை அமைத்தல் அமைப்போரின் கடமை என்று கொண்டதும் இந் நெறிப்பட்டதே.

இவற்றையெல்லாம் வாசித்தபின் அந் நடத்துனரின் விடை வேறுவிதமாக என் காதில் ஒலித்தது. அன்று அது எனக்குத் திமிராகத் தோன்றியது. உண்மையில் அவர் ஒரு கணக்கைச் சொன்னார். தனியார் பஸ்களிலே பெரும்பாலும் அன்றன்று சேரும் பயணச்சீட்டுப் பணத்திலிருந்தே உரிமையாளருக்குரிய தொகையும், எரிபொருளும், சாரதி நடத்துனர் இருவரின் கூலியும் கழியவேண்டும். அடுத்த தரிப்பில் நிற்கும் பத்துப் பேர் முன்னே செல்பவனுக்கே உரியர். கடவையில் இழக்கும் கால் நிமிடம் அவருக்குப் பணம். சாரதி நல்லவனாயிருந்தும் அக் கணக்கு அவனை நல்லவனாயிருக்க விடாது. ஊதியம் பயணிகளின் தொகையோடு கட்டப்படாதிருக்குமாயின், என் குடைக்கு வேலையே இருந்திராது. இதனாற் சாரதியைக் குற்றத்தினின்றும் விடுவிக்கின்றேன் என்று எவரும் கருதவேண்டா. மனுநீதி கண்ட சோழன் தன் மகனை விடுவிக்கவில்லை. நான் யார் விடுவிப்பதற்கு?

ஈண்டு ஒன்று நினைவுக்கு வருகின்றது. 2022ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்திலே, யாழ்ப்பாணத்து வீதிகளிற் சைக்கிள்கள் மீண்டும் நிறைந்தன. பெற்றோல் வரிசையில் நின்று நாம் பட்ட அல்லல் பெரிது. அதனை இனிதெனக் கூறுவார் எவருமிலர். எனினும் அக் கிழமைகளில், எங்கள் வாயிலில், பிள்ளைகள் தோளில் தோள் போட்டபடி பேசிக்கொண்டே வீதியைக் கடந்தனர். மஞ்சட் கோட்டை ஒருவரும் தேடவில்லை. அது அழிந்துபோயிருந்ததை அக் காலத்தில் எவரும் கவனிக்கவுமில்லை.

மோட்டார் சைக்கிள்காரரை நான் இரண்டு முறை சென்று பார்த்தேன். அவர் ஒரு தச்சுத் தொழிலாளி. ஆறு கிழமை வேலைக்குச் செல்ல இயலவில்லை. ஆசிரியர் சிலரும் பெற்றோரும் கூடி அவருக்கு ஒரு சிறு உதவி செய்தோம். அக் கூட்டத்திலேயே ஒரு விண்ணப்பமும் எழுதப்பட்டது. கடவையை மேடாக உயர்த்தித் தருக, அதன் இரு புறத்தும் முப்பது மீற்றருக்கு வண்டிகள் நிறுத்தப்படுவதைத் தடுத்துத் தருக என்ற இரண்டையே கேட்டோம். கணக்கையும் உடன் இணைத்தோம். பௌதிகவியல் ஆசிரியர் அதனைத் தம் அழகிய கையெழுத்திற் பிரதிசெய்து தந்தார். உரிய அலுவலகத்திலிருந்து பல மாதங்களின் பின் ஆட்கள் வந்து கோடுகளை வெள்ளை வர்ணத்தில் தீட்டிச் சென்றனர். மேடு பரிசீலனையில் உள்ளதாக அறிகின்றோம். நாங்கள் ஒவ்வொரு தவணையும் நினைவூட்டுக் கடிதம் அனுப்பி வருகின்றோம். அதன் பிரதிகள் ஒரு கோப்பிற் சேர்ந்து வருகின்றன. பசுவுக்கிருந்த மணிக்கயிறு எங்களுக்குக் கோப்பாக வாய்த்தது.

இதற்கிடையில், பாடசாலை கலையும் நேரத்தில் இரண்டு ஆசிரியரும் நான்கு மாணவ தலைவர்களும் கடவையின் இரு புறத்தும் முறைவைத்து நிற்கின்றோம். நில் என்றெழுதிய வட்டப் பலகையை, வண்டிகள் நன்கு தூரத்தில் வரும்போதே உயர்த்துகின்றோம். மின்கம்பம் ஒன்றை அடையாளமாக வைத்திருக்கின்றோம். கம்பத்தை வண்டி தாண்டிவிட்டால் அதனைப் போகவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது விதி. பிள்ளைகளும் கம்பத்தைப் பார்க்கப் பழகிவிட்டனர். ஆறாந் தரத்துப் பையன் இப்பொழுது மேல்வகுப்பில் இருக்கின்றான். பலகை பிடிக்கத் தன்னையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றான்.

அந்த மினிபஸ் இன்றும் அவ்வழியே வருகின்றது. பெரும்பாலான நாட்களில் நிற்கின்றது. சில நாட்களில் நிற்பதில்லை. நிற்கும் நாட்களில் அந் நடத்துனர் மிதிபலகையிலிருந்து வெளியே சாய்ந்து, பின்னால் வருகின்றவனுக்கு நிற்குமாறு கையைக் காட்டுகின்றார்.